ஆழ்நீரின் ஏற்றம்

கடல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் எழுவது அதன் மேற்பரப்பே ஆகும். அலை கரையை நோக்கி வருகிறது, மீள்கிறது. நீரோட்டம் ஒரு திசையில் செல்கிறது. பருவம் மாறினால் திசை மாறுகிறது. அலை, திரை, ஓதம், மீனவர் வழக்கில் நீவாடு என்று கடல்நீரின் அசைவைக் குறிக்க நம்மிடம் சொற்கள் பல உண்டு. அவையெல்லாம் கண்ணால் கண்டோ, கலத்தில் சென்று உணர்ந்தோ மனிதன் பெயரிட்ட அசைவுகள். எந்தக் கண்ணுக்கும் புலப்படாத அசைவு ஒன்றும் கடலுக்கு உண்டு. ஆழத்தில் இருளில் கிடக்கும் குளிர்நீர், மிக மெல்ல மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்றத்தை அளக்க அறிஞர்கள் பட்ட பாட்டினையும், அதனால் நமக்கு விளையும் பயனையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் கடலியலில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வினா என் மாணவரிடமிருந்து வந்தது. பாசிர் ரிஸ் பூங்காவில் சதுப்புநிலக் காட்டின் ஊடே அமைந்துள்ள மரநடைபாதைக்கு ஒரு சனிக்கிழமை மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். நாங்கள் சென்றபோது வேர்கள் சேற்றில் வெளிப்பட்டு நின்றன. நண்டுகள் வளைகளின் வாயிலில் உலவின. மூன்று மணி நேரத்திற்குள் நீர் ஏறி வேர்களை மூடத் தொடங்கியது. சிங்கப்பூர்க் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றுகிறது. உவா நாள்களை ஒட்டி அந்த ஏற்றமும் வற்றும் ஏறத்தாழ 3 மீட்டர் அளவுக்கு வேறுபடும். கோடுகள் இட்ட கம்பு ஒன்றை நட்டால் போதும். சிறு குழந்தையும் அதனை அளந்துவிடும். இதனை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவி ஒருத்தி, "ஐயா, கரையில் கம்பு நட்டு அளக்கலாம். நடுக்கடலின் ஆழத்திலும் நீர் மேலே ஏறி வருமா? அங்கே எதை நட்டு அளப்பார்கள்?" என்று கேட்டாள்.

நல்ல வினா. அதற்கு விடை தேடத் தொடங்கியபின் சில மாதங்கள் என் மாலைப் பொழுதுகளை அந்நூல்களே எடுத்துக்கொண்டன.

ஆழ்கடல் நீரின் மேல்கீழ் அசைவு இருவகைப்படும். ஒன்று விரைவானது, ஏறிய நீர் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். மற்றொன்று மிக மெதுவானது. ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். முன்னதை உள்ளலை என்பர். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நீரும் பாதி நல்லெண்ணெயும் ஊற்றி மூடி, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெயின் மேற்பரப்பு பெரிதும் அசையாது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்திலோ பெரிய அலை ஒன்று சோம்பலாக எழுந்து தாழும். கடலிலும் மேலே வெதுவெதுப்பான இலகுநீரும், கீழே குளிர்ந்த அடர்நீரும் அடுக்காக இருக்கின்றன. ஓதத்தின் விசை கடலடியில் உள்ள மேடுகளின் மீது அந்த அடுக்கினைத் தள்ளும்போது, இரண்டிற்கும் இடையே அலை எழுகிறது.

அவ்வலைகளுக்குப் பெயர்பெற்ற கடல்களுள் ஒன்று நமக்கு அயலானது அன்று. அந்தமான் கடலே அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த ரஜூலா கப்பல், 1973இல் ஓய்வுபெறும் வரை அவ்வழியே நம்மவரைச் சுமந்து வந்தது. என் தந்தையாரும் அக்கப்பலில் வந்தவரே. காற்றே இல்லாத ஓர் இரவில் கடல் திடீரென்று சலசலவென ஒலித்ததையும், சிறிது நேரத்தில் அவ்வொலி தானே அடங்கியதையும் அவர் பலமுறை கூறியதுண்டு. அமெரிக்கக் கடலியலாளர் மாத்தியூ மோரி, மலாக்கா நீரிணையின் வாயிலில் நிக்கோபார், அச்சே ஆகியவற்றை ஒட்டி இத்தகைய சலசலப்புக் கோடுகள் தோன்றிப் பழக்கமில்லாதோரை அச்சுறுத்துவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் நூலில் பதிந்துள்ளார். 1975இல் அப்பல்லோ சோயுஸ் விண்கலப் பயணத்தின்போது எடுத்த படங்களிலும் அந்தமான் கடலின் மீது நீண்ட வரிகள் தெரிந்தன. மேலே தெரியும் சலசலப்பு அடையாளம் மட்டுமே. அலையின் உடல் கீழே மறைந்திருக்கிறது.

அதனை அளந்த முறை எளியது. கடலடியில் நங்கூரமிட்ட கயிறு ஒன்றில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளையும் ஓட்டமானிகளையும் கட்டித் தொங்கவிட்டனர். குளிர்நீர் மேலே ஏறினால் மேலுள்ள வெப்பமானி திடீரெனக் குளிர் காட்டும். இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். இவ்வாறு ஆய்ந்து ஆஸ்பர்ன், பர்ச் என்னும் இருவர் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தமான் கடலின் உள்ளலைகள் 60 மீட்டர் வரை உயர்ந்தமை கூறப்பட்டது. நம் அடுக்குமாடி வீடுகளில் இருபது மாடி உயரம் அது. மேலே செல்லும் தோணிக்காரன் அதனை அறியவும் மாட்டான்.

இவ்வலை வெறும் வியப்புக்குரிய செய்தி அன்று. 2021 ஏப்ரல் 21ஆம் நாள், இந்தோனேசியாவின் நங்காலா என்னும் நீர்மூழ்கிக் கப்பல் பாலித் தீவுக்கு வடக்கே 53 பேருடன் மறைந்தது. சிங்கப்பூர்க் கடற்படையின் ஸ்விஃப்ட் ரெஸ்கியூ என்னும் மீட்புக் கப்பல் உதவிக்கு விரைந்தது. அது இறக்கிய ஆளில்லாக் கருவியே 800 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் சிதைந்து கிடந்த கலத்தைப் படம்பிடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. வலிய உள்ளலை ஒன்று கலத்தைக் கீழே இழுத்திருக்கக்கூடும் என்று இந்தோனேசியக் கடற்படை அதிகாரிகள் கருத்துரைத்தனர். அது ஒரு கருத்தே. மெய்ப்பிக்கப்பட்ட முடிவு அன்று. ஆயினும் நீரின் மேல்கீழ் அசைவை அளப்பது உயிரோடு தொடர்புடைய வேலை என்பதை அந்நிகழ்ச்சி நம் வட்டாரத்திற்கு உணர்த்தியது.

இனி மெதுவான ஏற்றத்திற்கு வருவோம். அப்படி ஓர் ஏற்றம் இருக்கிறது என்பதை எவ்வாறு அறிந்தனர்? துருவங்களை ஒட்டிய கடல்களில் நீர் கடுங்குளிரால் அடர்த்தி மிகுந்து கீழே இறங்குகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றியும் அட்லாண்டிக்கின் வடபகுதியிலும் இது நடைபெறுகிறது. இறங்கிய நீர் கடலடியில் பரவி வெப்பநாடுகளின் ஆழங்களையும் நிரப்புகிறது. நிறைகுடத்தின் அடியில் குழாய் ஒன்றைச் செருகி நீர் விட்டுக்கொண்டே இருந்தால், குடத்து நீர் மேலே ஏறித்தானே ஆகவேண்டும்? கடலும் அவ்வாறே. கீழே சென்ற நீருக்கு ஈடாக எங்கோ நீர் ஏறியாக வேண்டும்.

எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதே இடர்ப்பாடு. சராசரி ஏற்றம் நாளுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். அதனை நேரே அளப்பதற்குள்ள தடையை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஆழ்கடலில் கிடையாக ஓடும் நீரின் வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நாம் இறக்கிய கருவி செங்குத்தாக நில்லாமல் 1 பாகை மட்டும் சாய்ந்துவிட்டது என்று கொள்வோம். அந்தச் சாய்வினால் கிடையோட்டத்தின் ஒரு கூறு மேலோட்டம் போலக் கருவியில் பதியும். அது விநாடிக்கு 1.7 மில்லிமீட்டர், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 மீட்டர். தேடும் அளவோ 1 சென்டிமீட்டர். பிழையானது பொருளைக் காட்டிலும் பதினையாயிரம் மடங்கு பெரிது! நெல்மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு நெல்மணியை நிறுக்க முயல்வது போன்றது இது. போதாக்குறைக்கு உள்ளலைகள் வேறு அந்நீரைப் பல மீட்டர் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே அறிஞர்கள் பல வழிகளை நாடினர். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் நிறுவனத்தைச் சேர்ந்த வூரிஸ், வெப் என்போர் ஆழத்தில் மிதக்கும் குழல் ஒன்றை அமைத்தனர். அதன் எடையைக் குறித்த ஆழத்தில் மிதக்கும்படி சரிசெய்து, சுற்றிலும் சாய்வான தகடுகளைப் பொருத்தினர். கிடையோட்டம் அக்குழலைத் தன்னோடு அழைத்துச் சென்றுவிடும். அதனால் பிழை நேராது. நீர் மேலோ கீழோ கடந்து சென்றால் தகடுகள் தள்ளப்பட்டுக் குழல் சுழலும். திருவிழாவில் குழந்தை பிடித்திருக்கும் காற்றாடியைப் போன்றதே இதன் தத்துவம். சுற்றுகளை எண்ணினால் நீரின் வேகம் தெரியும். 1969ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சின் தென்கரையை ஒட்டிய கடலில் இக்குழல், மேற்பரப்பு நீர் ஆழத்துக்கு இறங்குவதை விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்தது. நீர் விரைந்து இறங்கும் இடத்தில் அது வெற்றி கண்டது. ஆனால் நாளுக்கு 1 சென்டிமீட்டர் என்னும் மென்னடை, அந்தக் காற்றாடிக்கும் அகப்படாதது.

அகப்படாததை அகப்படுத்தியவர் வால்டர் மங்க். வியன்னாவில் 1917இல் பிறந்து கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் பணியாற்றி 2019இல் மறைந்தவர். 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நீரின் வேகத்தை அளக்காமலேயே அதனைக் கணக்கிட்டார். மேலிருந்து வெப்பம் கலங்கிக் கலங்கிக் கீழே பரவுகிறது. கீழிருந்து குளிர்நீர் ஏறி வந்து அதனைத் தடுக்கிறது. இரண்டும் சமனாக நிற்பதால்தான் ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை ஒரு சீராகக் குறைகிறது. அந்தக் குறைவின் வடிவத்திலிருந்து ஏற்றத்திற்கும் கலக்கத்திற்கும் உள்ள விகிதத்தை அறியலாம். ஆனால் விகிதம் மட்டும் போதாது. காலத்தைக் காட்ட ஒரு கடிகாரம் வேண்டும். காற்றிலிருந்து கடலில் கரைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேயும் கரிமம் 14 அந்தக் கடிகாரமாயிற்று. ஆழ்நீரில் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, அந்நீர் காற்றைப் பிரிந்து எத்தனை காலம் ஆயிற்று என்பது புலனாகும். இரண்டையும் சேர்த்து, பசிபிக் கடலின் 1 கிலோமீட்டர் ஆழத்திற்கும் 4 கிலோமீட்டர் ஆழத்திற்கும் இடையே நீர் நாளுக்கு 1.2 சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அவர் கண்டார்.

அக்கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாமும் சற்றுக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 3,000 மீட்டர் ஏற இரண்டரை இலட்சம் நாள்கள் ஆகும். அஃதாவது ஏறத்தாழ 680 ஆண்டுகள். சீன வணிகர் வாங் தாயுவான் தெமாசெக் என்று அன்று வழங்கிய இத்தீவைப் பற்றி எழுதியது 1349இல். அந்நாளில் 4,000 மீட்டர் ஆழத்திலிருந்து புறப்பட்ட நீர், இந்தக் கணக்கின்படி, இப்போதுதான் 1,000 மீட்டர் ஆழத்தை அடைகிறது. இதற்கிடையில் தெமாசெக் அழிந்தது, காடு சூழ்ந்தது, 1819இல் வணிகத்துறை எழுந்தது, 1965இல் குடியரசு பிறந்தது. நீர் தன் வழியே ஏறிக்கொண்டிருந்தது.

மங்க் கண்ட அளவு சராசரி. அந்தச் சராசரியின் உள்ளே மறைந்திருந்த உண்மை அண்மையில் வெளிப்பட்டது. 2021இல் அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றில், தரைக்குச் சற்று மேலே ஒளிரும் சாயத்தை ஆய்வாளர்கள் விட்டனர். கருவிகளை இறக்கி அச்சாயம் செல்லும் வழியைத் தொடர்ந்தனர். சரிவான தரையை ஒட்டி நீர் நாளுக்கு 100 மீட்டர் என்னும் அளவில் மேலேறியது. முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ஓதத்தின் விசை கரடுமுரடான சரிவுகளில் மோதிக் கலங்கும் இடங்களில் நீர் விரைந்து ஏறுகிறது. வேறு இடங்களில் நிற்கிறது. சில இடங்களில் இறங்கவும் செய்கிறது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால்தான் நாளுக்கு 1 சென்டிமீட்டர். சராசரி பொய்யன்று. ஆனால் எந்தத் துளியும் சராசரியாக ஏறவில்லை.

இந்த வாக்கியத்தை எழுதியபோது என் தொழில் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடத்தின் நோக்கத்தையும் அதன் விளைவையும் அளக்கக் கற்றோம். அதனைக் குறைகூற மாட்டேன். கரையில் கம்பும் நடத்தான் வேண்டும். தேர்வு அத்தகைய கம்பு. ஆயினும் வீட்டில் தமிழ் ஒலிக்காத பிள்ளை, ஈராண்டு வாயே திறவாதிருந்து, ஒரு நாள் மேடையில் நின்று நான்கு வாக்கியம் பிழையறப் பேசுகிறது. அந்த ஏற்றம் எந்த ஆண்டின் புள்ளியிலும் பதிவாவதில்லை. வகுப்பின் சராசரி சற்றும் நகரவில்லை என்று நாம் வருந்தும் பருவத்தில், எங்கோ ஒரு சரிவில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கரடுமுரடான இடத்திலேயே ஏற்றம் மிகுதி என்பதையும் ஆசிரியர்கள் மறத்தலாகாது.

இவ்வளவு மெல்லிய ஏற்றத்தை ஏன் இத்துணை முயன்று அளக்கவேண்டும்? முதற்பயன் உணவு. ஒளி புகாத ஆழத்தில் உரச்சத்து தேங்கிக் கிடக்கிறது. அது மேலே வந்தால்தான் நுண்பாசி தழைக்கும், மீன் பெருகும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுகக் குளிர்நீர் மேலெழுவதும், அதனை ஒட்டி மத்திமீன் திரள்வதும் நாம் அறிந்தவையே. கரையோரத்து மேலெழுச்சி ஆழ்கடல் ஏற்றத்தைக் காட்டிலும் பன்மடங்கு விரைவானது. எனினும் இரண்டும் ஒரே உறவுமுறை.

இரண்டாம் பயன் இன்றைய உலகின் பெருங்கவலையோடு தொடர்புடையது. புவி சூடாவதால் மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் கடலே வாங்கிக்கொள்கிறது. அவ்வெப்பம் மேலே தங்குமா, ஆழத்துக்குச் செல்லுமா, சென்றது எப்போது மீளும் என்பவை நீரின் மேல்கீழ் அசைவைப் பொறுத்தவை. சூடேறிய நீர் விரிகிறது. விரிந்த நீர் கரையில் ஏறுகிறது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. 2024 ஜனவரியில் வெளியான நம் மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கூறுகிறது. பாசிர் ரிஸ் போன்ற கரைகளுக்கு எத்தனை உயரத் தடுப்பு வேண்டும், எந்த ஆண்டுக்குள் வேண்டும் என்னும் கணக்கில், கண்காணாத ஆழத்து நீரின் நடையும் ஓர் உறுப்பு.

அதனை நாள்தோறும் கண்காணிக்க ஆர்கோ என்னும் மிதவைகள் இன்று உலகக் கடல்களில் உலவுகின்றன. அவை ஏறத்தாழ 4,000. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் ஓட்டத்தோடு செல்லும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை மூழ்கி, உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பையில் செலுத்தித் தன் பருமனைப் பெருக்கி மேலெழும். வழிநெடுக வெப்பத்தையும் உப்பையும் அளந்து, விண்கோளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். இந்தியப் பெருங்கடலில் இப்பணியில் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் பங்குகொள்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கயிற்றில் வெப்பமானிகள் கட்டிய மிதவைகளை ஆழ்கடலில் நிறுத்தியுள்ளது. ஒரு மிதவை கூறுவது சிறிது. ஆயிரம் மிதவைகள் ஆண்டுக்கணக்கில் கூறுவதைக் கோத்தால் கடலின் போக்கு தெரிகிறது.

அம்மாணவிக்கு நான் கூறிய விடையின் சுருக்கம் இதுதான்: ஆழத்தில் எதையும் நட்டு அளப்பதில்லை; நீர் விட்டுச்செல்லும் சுவடுகளைப் பல்லாண்டு பொறுமையோடு படித்து அளக்கிறார்கள். இதைக் கூற எனக்குத் தமிழில் சொல் பஞ்சம் நேரவில்லை. உள்ளலை, மேலெழுச்சி, அடர்த்தி, மிதவை, ஆழ்நீர் என எல்லாம் மாணவருக்கு எளிதில் விளங்கின. தமிழ் வகுப்பில் இலக்கியம் மட்டுமே பேசவேண்டும் என்பதில்லை. தம் கரையைப் பற்றிய கவலையையும் அதற்குரிய அறிவையும் பிள்ளைகள் தமிழிலேயே பெறட்டும். இன்று துருவத்தில் இறங்கும் நீர், நம் காலத்து வெப்பத்தையும் கரியையும் சுமந்து செல்கிறது. அது ஏறி வெளிப்படும் நாளில் நாம் இருக்கப்போவதில்லை. இருக்கப்போகிறவர்களுக்கு நாம் எழுதிவைக்கும் கணக்கு, அவர்கள் படிக்கக்கூடிய மொழியிலும் இருத்தல் வேண்டும்.